பிளக் பொருந்திவிட்டதா? பழைய ஸ்கஸியில் அது மட்டும் போதாது

பழைய சர்வரில் இருந்து கழற்றிய ஸ்கஸி (SCSI, டிஸ்க், டேப் டிரைவ் போன்றவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் முறை) டிஸ்க்கைக் கொண்டுவந்து, "உள்ளே இருக்கிற ஃபைலை எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவசரப்பட்டு கேபிளைச் செருகிவிடாதீர்கள். 68 பின் கனெக்டர் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதில் ஓடும் சிக்னல் மூன்று விதம்.

எஸ்இ (சிங்கிள் எண்டட்) வகையில் ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை கிரவுண்டோடு ஒப்பிட்டு 0, 1 படிக்கப்படும். எச்விடி (அதிக மின்னழுத்த டிஃபரென்ஷியல்), எல்விடி (குறைந்த மின்னழுத்த டிஃபரென்ஷியல்) இரண்டிலும் கம்பிகள் ஜோடி ஜோடியாக ஓடும். ஜோடிக்குள் இருக்கும் வித்தியாசம்தான் சிக்னல். எச்விடியை மற்ற இரண்டோடு சேர்க்கவே கூடாது, சிப் போய்விடலாம். டிஸ்க்கிலும், கம்ப்யூட்டரில் அதை இணைக்கும் ஸ்கஸி கார்டிலும் வைர வடிவக் குறி இருக்கும். அதில் டிஃப் என்று இருந்தால் அது எச்விடி.

எல்விடி கேபிளில் எஸ்இ சாதனத்தைச் சேர்த்தால் பொதுவாக எதுவும் கருகாது. ஆனால் ஒரே ஒரு பழைய டேப் டிரைவுக்காக மொத்த வரிசையும் எஸ்இக்கு இறங்கிவிடும். விநாடிக்கு 80 மெகாபைட் 40 ஆகும். 12 மீட்டர் வரை போகலாம் என்று இழுத்த கேபிள், சாதனங்கள் நாலுக்கு மேல் இருந்தால் ஒன்றரை மீட்டருக்குள் அடங்க வேண்டும்.

சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கும் டெர்மினேட்டர் கேபிளின் இரண்டு முனையிலும் வேண்டும், நடுவில் கூடாது. பழைய எஸ்இ டிஸ்க்குகளில் இதற்கு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னச் செருகி) இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஒரு எல்விடி டிஸ்க்கைத் திருப்பித் திருப்பி ஜம்பர் தேடி ஒரு மதியத்தை வீணாக்கியிருக்கிறேன். எல்விடி டிஸ்க்கில் டெர்மினேட்டரே இருக்காது; கேபிள் முனையில் தனியாக மாட்ட வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் இன்னொன்று. பூட் ஆகும்போது டிஸ்க்கின் பெயர் திரையில் வந்துவிட்டால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கமாண்டுகள் பொதுவாக அசிங்க்ரனஸ் முறையில், 8 பிட்டில்தான் போகும். டிஸ்க் ரெக் (ரிக்வெஸ்ட்) என்று கேட்க, கார்டு ஆக் (அக்னாலெட்ஜ்) என்று பதில் சொல்ல, ஒவ்வொரு பைட்டும் இப்படிக் காத்திருந்து நகரும். சுமாரான கேபிளே இதற்குப் போதும். பெயரைக் கேட்டுப் பதில் வாங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஃபைல் காப்பி தொடங்கியதும் கதை வேறு. சிங்க்ரனஸ் முறையில் ஆக் வருவதற்கு முன்பே அடுத்தடுத்த ரெக் பாயும், 16 பிட்டும் வேலை செய்யும். மேல் 8 பிட்டுக்கு டெர்மினேட்டர் இல்லையென்றால் அப்போதுதான் எரர் கொட்டும்.

உடனே டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அடாப்டெக் கார்டு என்றால் பூட்டில் கன்ட்ரோல்-ஏ அழுத்தி, அந்த டிஸ்க்கின் வேகத்தை மிகக் குறைவாக வைத்து, 16 பிட்டில் அனுப்பலாமா என்று கார்டு டிஸ்க்கிடம் கேட்பதையும் அணைத்துவிட்டு ஒருமுறை காப்பி செய்து பாருங்கள்.