மாசி, பங்குனியில் வால்பாறை போகிறீர்களா?

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக ஏறுபவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். 9வது கொண்டை ஊசி வளைவில் பாறைச்சரிவை நிதானமாகப் பாருங்கள். குட்டியோடு வரையாடு நிற்கலாம். தின்ன எதுவும் நீட்ட வேண்டாம்.

அப்புறம் பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை. தேடி அலையாமல், பழுத்த அத்தி மரம் ஒன்றின் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். பறவை தெரியும் முன்பே ‘உஷ் உஷ்’ என்று நீராவி இன்ஜின் மாதிரி இறக்கைச் சத்தம் கேட்கும். இது அவற்றின் கூடு காலம். பெண் பறவை மரப்பொந்தில் தன்னை வைத்து அடைத்துக்கொள்ளும். சின்னப் பிளவு வழியாக ஆண் ஊட்டுவதுதான் அதற்குச் சாப்பாடு. பொந்து கண்ணில் பட்டால் படம் எடுக்க நிற்காமல் உடனே விலகிவிடுங்கள். ஆள் நின்றால் ஆண் பறவை கிட்டே வரத் தயங்கும், உள்ளே பெண்ணும் குஞ்சும் பசியோடு காத்திருக்கும்.