சோகோவில் போன் சிங்க் அடிக்கடி நின்றது: சரிசெய்த விதம்

மெயில், காலண்டர் இரண்டும் எல்லார் போனிலும் உடனுக்குடன் வர வேண்டும், தரவும் நம் சர்வரிலேயே இருக்க வேண்டும். இதுதான் எங்கள் சிறிய அலுவலகத்தின் தேவை. அதற்குத்தான் சோகோ (SOGo) என்ற மெயில்-காலண்டர் சர்வர் மென்பொருளைப் போட்டேன்.

காலண்டர் மட்டும் போதும் என்றால் ராடிகேல் (Radicale) என்ற காலண்டர் சர்வரைத்தான் சொல்வேன். ஒவ்வொரு நிகழ்வும் தனி ஐசிஎஸ் கோப்பு. ஃபோல்டரை நகலெடுத்தாலே பேக்கப் முடிந்தது. பிஎச்பியில் ஓடும் பைக்கால் (Baïkal) சர்வரும் நல்லதுதான். ஆனால் இரண்டிலும் மெயில் கிடையாது. காலண்டரைச் சர்வருடன் சிங்க் செய்யும் கால்டேவ் (CalDAV) முறை ஆண்ட்ராய்டில் இயல்பாக இல்லாததால் டேவ்எக்ஸ்5 செயலியும் போட வேண்டும்.

அதனால் மெயில், காலண்டர் இரண்டையும் போனுடன் சிங்க் செய்யும் ஆக்டிவ்சிங்க் (ActiveSync) வசதியுள்ள சோகோவை, டவ்காட் (Dovecot) என்ற மெயில் சர்வருடன் இணைத்தேன். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஒரே கணக்கில் எல்லாம் வந்தது. ஆனால் காலையில் எல்லாரும் வந்ததும் சிங்க் நின்றுவிடும், வெப்மெயில்கூடத் திறக்காது. லாகில் ‘நோ சைல்ட் அவைலபிள்’ (கோரிக்கையைக் கவனிக்க வொர்க்கர் எதுவும் காலியாக இல்லை) என்ற வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான்: புது மெயிலுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு போனும் ‘பிங்’ கோரிக்கையைத் திறந்தே வைத்திருக்கும். அந்த நேரம் முழுக்க ஒரு சோகோ வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்) அதற்கே போய்விடும். வொர்க்கர் எண்ணிக்கையோ மிகக் குறைவாக இருந்தது.

வொர்க்கர் எண்ணிக்கையைக் குறிக்கும் சோகோ அமைப்பான டபிள்யூஓவொர்க்கர்ஸ்கவுண்ட் (WOWorkersCount) மதிப்பைப் போன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வைத்தேன். வெப்மெயிலுக்கும் சில மிஞ்ச வேண்டுமே. அப்புறம் கோரிக்கைகளைச் சோகோவுக்கு அனுப்பும் அப்பாச்சி பிராக்ஸியின் டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பை) பிங் நேரத்தைவிட அதிகமாக்கி, இரண்டு சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்தேன். அந்த வரி லாகில் பிறகு வரவில்லை.

வொர்க்கர் கூடினால் ரேமும் கூடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஐமேப்பும் (மெயிலுக்கான முறை) கால்டேவும் ஓடும் சர்வர் என்றால், முன்னால் இசட்-புஷ் (Z-Push) என்ற மென்பொருளை வைத்தாலே ஆக்டிவ்சிங்க் கிடைத்துவிடும்.