ஒன்றாம் வகுப்பு வாசலில் அழும் பிள்ளைக்கு

பத்தொன்பது வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். தென்காசிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஜூனில் பள்ளி திறக்கிற அன்று எப்படியும் ஏழெட்டுப் பிள்ளைகள் என் வகுப்பு வாசலில் அழும். பால்வாடிக்குப் போய்ப் பழகியது கொஞ்சம் குறைவாக அழும், அவ்வளவுதான். அழுகிற பிள்ளையை அன்று காலையில் சமாளிப்பது கஷ்டம். மே மாதமே ஆரம்பித்துவிடுங்கள்.

முதல் வேலை, "சேட்டை பண்ணினா டீச்சர்ட்ட சொல்லிருவேன், பிரம்பால விளாசிருவாங்க" என்ற பேச்சை வீட்டில் எல்லோரும் நிறுத்துவது. சோறு ஊட்டப் பூச்சாண்டிக்குப் பதிலாக எங்களைச் சொல்லிவிட்டு, ஜூனில் அந்தப் பூச்சாண்டி கையிலேயே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால் அது கதறாமல் என்ன செய்யும்? பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. "பெரிய டீச்சர் கதை சொல்வாங்க, பக்கத்துல ஆள் இருக்கும்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். சொர்க்கம் மாதிரி இருக்கும் என்றும் அளக்க வேண்டாம்.

சேர்க்கைக்கு வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள். வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிவறை மூன்றையும் காட்டுங்கள். கழிவறையை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவைப் பிரிகிற பயத்துக்கு அடுத்தபடி நான் பார்த்த பெரிய பயம் இதுதான். ஒரு பையன் முதல் மூன்று நாளும் மத்தியானத்துக்கு மேல் முகம் சுருங்கி, காலைக் காலோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால் தலையாட்டுவான். நான்காம் நாள் கழிவறை வாசலில் நின்று அழும்போதுதான் கண்டேன்: புது யூனிபார்ம் டவுசரின் கொக்கி அவன் விரலுக்கு வரவே இல்லை. கஞ்சி மொடமொடப்புப் போகாத துணி, இறுக்கமான கொக்கி. கழற்றித் தரச் சொல்ல வெட்கம். அன்றைக்கே அவன் அம்மாவிடம் சொல்லி எலாஸ்டிக் வைத்துத் தைக்க வைத்தேன். ஆகவே யூனிபார்மை இரண்டு தடவை அலசி, வீட்டில் போட்டுப் பழக்குங்கள். தானாகக் கழற்றவும் மாட்டவும் வர வேண்டும். "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று வாய்விட்டுச் சொல்லவும் பழக்குங்கள். வீட்டில் அதற்கு வேறு செல்லப் பேச்சு இருந்தால் என்னிடம் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் மூடியையும் அவர்களே திறந்து பார்க்கட்டும். காலையில் வற்புறுத்தி இட்லி திணிக்காதீர்கள், பயத்தில் வாந்தி வரும். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சாப்பாடு உண்டு. நாலு பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடும்போதே பாதி அழுகை அடங்குவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

இனி, விட்டுவிட்டுப் போவது. ஒரு தாய், "கடைக்குப் போய் முட்டாய் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார். அந்தப் பெண் பிள்ளை ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தது. மதியம் வரை அசையவில்லை. கன்னத்தில் துருக் கோடு. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள், அம்மா கண்ணைவிட்டு மறைந்தாலே வீட்டில்கூட அலறியதாம். அந்தத் தாயைக் குறை சொல்லவில்லை, அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நகர்வது லேசு இல்லை. ஆனாலும் ஏமாற்றிவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொரு வருடம் ஒரு தாத்தா பேரனை விட வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மடியில் வைத்தார். "தாத்தா துண்டு இல்லாம எங்கயும் போகமாட்டேன்லா? பத்திரமா வச்சிரு. நீ மத்தியானச் சோறு சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சதும் மணி அடிப்பாங்க. அப்ப வந்து வாங்கிக்கிடுதேன்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பையன் அழத்தான் செய்தான். ஆனால் துண்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிட்டான். சாயங்காலம் மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே வேப்ப மரத்தடியில் தாத்தா நின்றார், வெறுந்தோளோடு.

அதையே செய்யுங்கள். உங்கள் கைக்குட்டையோ பழைய பர்ஸோ, ஏதாவது ஒன்று. மணிக்கணக்குச் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது, சோறு, தூக்கம், மணி என்று வரிசை சொல்லுங்கள். ஒரே தடவை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம், ஓய்ந்த அழுகை மறுபடி கிளம்பும். மாலையில் முதல் ஆளாக நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் "அழுதியா?" என்று கேட்காதீர்கள். "பக்கத்துல யாரு உக்காந்தா?" என்று கேளுங்கள். முதல் நாள் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை மூன்றாம் நாள் அழலாம், லீவு முடிந்த திங்கட்கிழமையும் அழலாம். அதற்காக ஒரு நாள் வீட்டில் நிறுத்தினால் மறுநாள் இரட்டிப்பாகும்.

மூன்று வாரம் போயும் அழுகை குறையவில்லை, இரவில் திடுக்கிட்டு எழுகிறது, படுக்கையை நனைக்கிறது என்றால் அடம் என்று விட்டுவிடாதீர்கள். பெரிய பிள்ளை யாராவது கிள்ளலாம், காது மந்தமாக இருக்கலாம், நானே கவனிக்காத ஏதோ ஒன்றும் இருக்கலாம். பிள்ளையை வைத்துக்கொண்டு பேச வேண்டாம். மணி அடித்துப் பிள்ளைகள் போனபிறகு வாருங்கள், நான் வகுப்பில்தான் இருப்பேன்.