வட சென்னையிலிருந்து ஒரு வருஷ வாசிப்பு: அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸிக்கும் பட்டியல் போடுவது எப்படி?

அறிவியல் புனைகதையும் ஃபேன்டஸி எனப்படும் மாயக் கற்பனைக் கதையும் படிக்க ஆசைப்படுகிற பலர் முதலில் செய்வது, இணையத்தில் 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு' என்று கிடைக்கும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதுதான். அதில் பாதிப் புத்தகம் தலையணை சைஸில் இருக்கும், மீதிப் பாதி கடையில் கிடைக்காது. பிப்ரவரி முடிவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். பட்டியலை உங்கள் வருஷத்துக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும். எந்த மாதம் ஓய்வு, எந்த மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, எந்த மாதம் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு இந்த வகைக் கதைகளைப் புதிதாகத் தொடங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் வேகத்தை அளப்பது

ஏதாவது ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, போனை எட்ட வைத்துவிட்டு, இருபது நிமிஷம் படியுங்கள். எத்தனை பக்கம் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இதையே ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் செய்யுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. தமிழ் வேகத்தை வைத்து ஆங்கிலப் புத்தகத்துக்குக் கணக்குப் போடக் கூடாது.

அப்புறம் நேரம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வேலைக்குப் போகிறவருக்குப் போக, வர நாற்பது நிமிஷமாவது உட்கார்ந்து படிக்கக் கிடைக்கும். கும்மிடிப்பூண்டி பக்கத்து மின்சார ரயிலில் காலை நேரத்தில் நின்றுகொண்டு வருபவருக்கு அது நடக்காது. அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கும். நாளைக்கு 20 பக்கம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் மாதம் 400 பக்கம் வரும். கல்யாணம், காய்ச்சல், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால்வாசியைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 300 பக்கம், அதாவது மாதத்துக்கு ஒரு நடுத்தர நாவல்.

வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று உடனே எழுதிவிடாதீர்கள். பத்து போதும். இரண்டு மாதத்தைக் காலியாக விடுங்கள். பின்தங்கியதைப் பிடிக்கவும், நடுவில் கண்ணில் பட்ட புத்தகத்தைப் படிக்கவும் அந்த இடம் வேண்டும்.

இரண்டாவது: எதையெல்லாம் சேர்ப்பது

பாதி தமிழிலிருந்து எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. இந்த வகைக் கதைகள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-இல் வந்த கதை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் நின்று கந்தசாமிப் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறார். கடவுள் வந்து அவரிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இருவரும் காப்பி சாப்பிடப் போகிறார்கள். நாம் தினமும் பஸ் மாறுகிற இடத்தில் நடக்கிற ஃபேன்டஸி இது! அந்தச் சந்தியைத் தெரிந்தவருக்கு அந்த முதல் பக்கம் கொடுக்கும் சுகம் தனி. அவருடைய 'காஞ்சனை', 'கபாடபுரம்' இரண்டையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாரதியின் 'ஞானரதம்' 1910-இல் புத்தகமாக வந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு மாடியில் படுத்திருப்பவர் மனத்தேரில் ஏறி கந்தர்வலோகம், சத்தியலோகம் என்று உலகம் உலகமாகச் சுற்றிவருகிறார். இதைத் தனியாகப் படிக்காமல், எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' நாவலோடு ஒரே மாதத்தில் படித்துப் பாருங்கள். அது 1895-இல் வந்தது. இரண்டும் சின்னப் புத்தகங்கள். ஒருவர் தேரிலும் இன்னொருவர் இயந்திரத்திலும் கிளம்பி, தம் காலத்து மனிதர்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது பளிச்சென்று தெரியும்.

சுஜாதா இல்லாமல் தமிழ் அறிவியல் புனைகதை ஏது? 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். கதை நடப்பது 2021-22-இல். அந்த வருஷங்களைத் தாண்டி வந்துவிட்ட நாம் இப்போது அதைப் படிப்பதில் ஒரு கூடுதல் சுவாரசியம் இருக்கிறது. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், எங்கும் கண்காணிப்பு, நடுவில் ஜீனோ என்கிற இயந்திர நாய். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள்.

ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைத் தொகுப்பு. சித்த மருத்துவம், நம் தத்துவ மரபு ஆகியவற்றிலிருந்து அறிவியல் கேள்விகளை எழுப்புகிற கதைகள் அதில் உண்டு. மொழிபெயர்ப்புக்கு ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. 1953-இல் வந்த இந்த நாவலில் தீயணைப்புக்காரர்களின் வேலையே புத்தகங்களைக் கொளுத்துவதுதான். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியிட்ட தமிழ்ப் பதிப்பு நன்றாக ஓடும்.

ஆங்கிலத்தில் முதலில் நான் சொல்வது அர்சுலா லெ க்வினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ', 1968. இருநூறு பக்க அளவுதான். உலகமே தீவுக்கூட்டம், மந்திரவாதிப் பையன் படகிலேயே அலைகிறான், காற்றோடு மல்லுக்கட்டுகிறான். காசிமேட்டில் வளர்ந்த ஒருவருக்கு இதில் பாதி தெரிந்த உலகம். டோல்கீனைத் தொட வேண்டுமானால் 1937-இல் வந்த 'தி ஹாபிட்' போதும், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மூன்று பாகப் பெருநாவலுக்கு இப்போதே போக வேண்டாம். டெட் சியாங்கின் 'ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்' எட்டுக் கதைகள் கொண்டது. கதைக்கு ஓர் இரவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, நம் ஊர் சம்பந்தப்பட்டது. ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாஸ் ட்ரீம்' முதலில் அச்சானது மெட்ராஸில். 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற பத்திரிகையில் 1905-இல் வந்தது. பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொண்டு மழையையும் புயலையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம்.

மூன்றாவது: மாதங்களில் பொருத்துவது

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. வாங்கும் மாதம் அது, அதனால் படிப்பதற்குப் புதுமைப்பித்தன் கதைகள் போதும். பிப்ரவரியில் 'என் இனிய இயந்திரா'. மார்ச் காலி. வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் 'தி ஹாபிட்', மே மாதம் 'எர்த்சீ'. லீவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இரவில் கொஞ்சம் வாசித்துக் காட்டலாம். ஜூனில் 'ஞானரத'மும் 'டைம் மெஷி'னும், ஜூலையில் 'விசும்பு', ஆகஸ்டில் 'ஃபாரன்ஹீட் 451', செப்டம்பரில் டெட் சியாங்.

அக்டோபருக்கு 'சுல்தானாஸ் ட்ரீம்' என்று நான் வைத்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில், மழையை மனுஷி அடக்கி ஆளுகிற கதையைப் படிப்பது வேறு அனுபவம். அது சின்னது என்பதால் அதே மாதத்தில் வந்தனா சிங்கின் சிறுகதைகள் இரண்டு மூன்றையும் சேர்க்கலாம். இயற்பியலாளரான அவர் எழுதுவது நம் மண்ணில் காலூன்றிய அறிவியல் புனைகதை. நவம்பரில் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1818. தம்போரா எரிமலை 1815-இல் வெடித்ததில் மறு வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஓயாத மழையில் ஜெனிவா ஏரிக்கரை வீட்டில் அடைந்துகிடந்த பதினெட்டு வயதுப் பெண் எழுதத் தொடங்கிய நாவல் அது. கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள் என்று செய்தி வருகிற நாளில், வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்க அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. டிசம்பர் காலி.

மழை என்றதும் இன்னொன்று. தாழ்வான தெருவில் வீடு இருந்தால், தீபாவளிக்கு முன்பே அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களைப் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டுவதற்கு முன் புத்தகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். நவம்பரில் படிக்க வேண்டியதை மட்டும் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள்.

நான்காவது: கையில் கிடைக்கச் செய்வது

காசு செலவில்லாமல் பாதிப் பட்டியல் முடிந்துவிடும். பாரதியும் புதுமைப்பித்தனும் நாட்டுடைமை ஆனவர்கள், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டத்தின் தளத்தில் இருக்கிறார்கள். வெல்ஸ், ஷெல்லி இருவரும் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். போனில் படிக்க முடியாதவர்கள் பேட்டையில் உள்ள கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். சுஜாதாவை அங்கே கேட்டுப் பாருங்கள், அநேகமாகக் கிடைப்பார்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களுக்கு அல்லிக்குளம். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு பழைய புத்தகக்காரர்கள் பலர் வந்து சேர்ந்த இடம் அதுதான். புத்தகத்தை எடுத்ததும் விலை கேட்காதீர்கள். முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து கதை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் விரித்து முதுகு பிரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், வீட்டில் உள்ள மற்ற புத்தகங்களுக்கும் அது தொற்றும். அட்டையில் 'புக் டூ', 'புக் த்ரீ' என்று போட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஃபேன்டஸியில் தொடர்வரிசை அதிகம். முதல் பாகம் கிடைக்காமல் மூன்றாவதை வாங்கி வைப்பதில் பயனில்லை.

ஐந்தாவது: நோட்டில் எழுதுவது

ஒரு சாதாரண நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம். புத்தகத்தின் பெயர், பக்க எண்ணிக்கை, எங்கே கிடைக்கும், தொடங்கிய தேதி. கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கட்டும். மனதில் நின்ற ஒரு காட்சியை முடித்த அன்றே அங்கே எழுதுங்கள். மதிப்பெண்ணெல்லாம் வேண்டாம்.

ஐம்பது பக்கம் தாண்டியும் உள்ளே போக முடியவில்லையா? நிறுத்திவிடுங்கள். அந்த மாதத்துக்கு மாற்றாக ஒரு மெல்லிய புத்தகத்தை முன்பே குறித்து வையுங்கள், 'குட்டி இளவரசன்' மாதிரி. நிறுத்தியதைப் பட்டியலிலிருந்து அடிக்காமல், நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஜூன் கடைசியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலப் புத்தகங்கள் இழுத்துக்கொண்டே போயிருந்தால் செப்டம்பரில் எட்டுக் கதைகளுக்குப் பதில் மூன்று படித்தால் போதும். தமிழ் வேகமாக ஓடியிருந்தால் 'மீண்டும் ஜீனோ'வை டிசம்பருக்கு இழுத்துக்கொள்ளலாம்.