பல்செட் ஆடுதா? சாஸ் சலுகையைக் கேளுங்க

சிங்கப்பூரில் முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்த (1959-க்குள் பிறந்த மூத்த குடிமக்கள்) பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சாஸ் (CHAS) என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்ந்த தனியார் பல் மருந்தகங்களிலேயே அவர்களுக்குச் சலுகை உண்டு. பல்செட்டுக்கும்தான். ஆனால் வரம்பு இருக்கிறது, நாற்காலியில் உட்காரும் முன்பே கவுன்டரில், "சலுகை போகக் கையிலிருந்து எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் ஆடுகிற செட்டோடு கஞ்சி குடித்துக் காலம் தள்ளுகிறார்கள்!

செட்டைக் கழுவும்போது வாஷ்பேசினில் பாதி தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், கை வழுக்கினாலும் உடையாது. வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். பற்பசை கீறல் போடும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு போதும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள், ஈறு கொஞ்சம் ஆறட்டும்.