ஓய்வுக்காலத்துக்கும் சேர்த்து, ஊரும் சுற்ற: ஒரே சம்பளத்தைப் பிரிக்கும் முறை

முப்பது வயதை ஒட்டி இருக்கும் மாதச் சம்பளக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கிரெடிட் கார்டு பாக்கி இல்லை, அவசரச் செலவுக்குக் கொஞ்சம் பணம் தனியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆசைகளுக்கு வயது போடுங்கள்

கூகுள் ஷீட் போதும், செலவுக் கணக்கு ஆப் எதுவும் வேண்டாம். செய்ய ஆசைப்படுவதை எல்லாம் எழுதி, எதிரே 'எந்த வயதுக்குள்' என்று ஒரு பத்தி போடுங்கள். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏற முட்டி ஒத்துழைக்க வேண்டும். அப்பா அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போவதென்றால் பார்க்க வேண்டியது அவர்கள் வயதை. ஆலப்புழா படகு வீட்டுக்கு அறுபத்தைந்திலும் போகலாம். பெரிய டிவிக்கு வயதே கிடையாது. என் பட்டியலில் உண்மையிலேயே அவசரமானவை நான் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தன.

படி 2: ஏற்கெனவே எவ்வளவு சேர்கிறது?

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் ஒரு வரியில் இருக்கும், ஆனால் அந்த வரி முழுக் கதையைச் சொல்லாது.

மொத்தச் சம்பளம் 80,000, அதில் பேஸிக் (அடிப்படைச் சம்பளம்) 40,000 என்று வைப்போம். உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 4,800. கம்பெனியும் 4,800 போடும். அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், மீதி 3,550தான் பிஎஃப்பில் சேரும். ஆக மாதம் 8,350.

ஆனால் சில கம்பெனிகள் பேஸிக் எவ்வளவு இருந்தாலும் 15,000க்கு மட்டுமே கணக்குப் போடும். அப்போது உங்கள் பங்கு 1,800, கம்பெனியிடமிருந்து பிஎஃப்புக்கு 550. மொத்தம் 2,350. ஒரே சம்பளம் வாங்கும் இருவருக்கு மாதம் 6,000 வித்தியாசம்! பிடித்தம் 1,800 என்று இருந்தால் நீங்கள் இரண்டாவது வகை.

'அதான் பென்ஷன் வருமே' என்று இருந்துவிடாதீர்கள். 15,000 உச்சவரம்பு, 35 வருட சர்வீஸ் என்று கணக்குப் போட்டால் மாதம் 7,500 வரும். இன்றைக்கு 30,000 ஆகும் வீட்டுச் செலவு, விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் முப்பது வருடத்தில் சுமார் 1.72 லட்சம்.

படி 3: இடைவெளியை நிரப்புங்கள்

பிஎஃப்பையும் சேர்த்து மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதம் என்பது என் அளவுகோல். மேலே உள்ள உதாரணத்தில் 12,000. முதல் ஆளுக்கு இன்னும் 3,650 வேண்டும், இரண்டாமவருக்கு 9,650. இதில் பாதியை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்ஐபியாகவும் (மாதாமாதம் ஒரு தொகை), மீதியை விபிஎஃப்பிலும் (பிஎஃப்பிலேயே நாமாக விரும்பிக் கூடுதலாகப் போடுவது) போடுவேன். 2024-25க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம், பிபிஎஃப்புக்கு (யாரும் வங்கியிலோ தபால் ஆபீஸிலோ தொடங்கக்கூடிய சேமநிதிக் கணக்கு) 7.1தான். பிஎஃப்பில் உங்கள் பங்கு வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி உண்டு. பல கம்பெனிகளில் விபிஎஃப்பை ஏப்ரலில்தான் மாற்ற விடுவார்கள், மார்ச்சிலேயே எச்ஆரிடம் கேட்டு வையுங்கள்.

நகைச் சீட்டையும் இதில் சேர்த்துக்கொள்ள வீட்டில் சொல்வார்கள். கல்யாணச் செலவுக்கு என்றால் சரி, ஓய்வுக்காலக் கணக்கில் எழுத வேண்டாம்.

படி 4: ஊர் சுற்றும் பணத்துக்குத் தனி வங்கி

சம்பளம் வந்த மறுநாளே 8,000 வேறொரு வங்கிக்குப் போய், அங்கே 12 மாத ஆர்டியில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) விழட்டும். அந்தக் கணக்கில் யுபிஐ இணைக்காதீர்கள். தபால் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருடம், மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது என்பதால் இதற்குச் சரிவராது. வருடக் கடைசியில் கையில் 96,000க்கு மேல் வட்டியும் இருக்கும். படி 1 பட்டியலில் முதலில் இருப்பதற்கு டிக்கெட் போடுங்கள். மிஞ்சினால் அடுத்த பயணத்துக்குத்தான், எஸ்ஐபிக்கு மாற்றக் கூடாது. மாற்றத் தொடங்கினால் காசிப் பயணம் வருடா வருடம் தள்ளிப் போகும்.

படி 5: இன்கிரிமென்ட் வந்தால் கூடுதல் தொகையில் பாதியை படி 3க்கும் படி 4க்கும் பிரித்துவிடுங்கள். மீதிப் பாதி வீட்டுச் செலவுக்கு.

பின்சேர்க்கை: 'என் பிஎஃப் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி பூஜ்யமாக இருக்கிறதே' என்று சிலர் கேட்டார்கள். 2014 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு முதல்முறையாக பிஎஃப்பில் சேர்ந்து, அப்போதே பேஸிக் 15,000க்கு மேல் இருந்தால் பென்ஷன் திட்டத்தில் இடமில்லை. கம்பெனி பங்கு முழுவதும் பிஎஃப்புக்கே வரும். முதல் ஆளின் கணக்கு அப்போது 9,600 ஆகும்.

இன்னொன்று: பழைய கம்பெனி பிஎஃப்பைப் புதியதற்கு மாற்றும்போது இனிஷியல் சிக்கல் வரலாம். ஆதாரில் இனிஷியல் முன்னால், பிஎஃப்பில் பின்னால் அல்லது அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் முதலில் பெயரைத் திருத்துங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள்.

கடை வைத்திருப்பவர்கள் படி 2ஐ விட்டுவிட்டு பிபிஎஃப்பில் தொடங்கலாம். 5ஆம் தேதிக்குள் பணம் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாத வட்டி கிடைக்கும்.