என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கான கோப்பு: வருடம் முழுக்க எழுதுவது எப்படி

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுக்கிறேன். பொறியியல் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியமான என்.பி.ஏ.வுக்கு, கல்லூரியின் ஒருங்கிணைப்பாளராக இரண்டு முறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரியான சொல். முதல் முறை, வாரியக் குழு நேரில் பார்க்க வரும் விசிட்டுக்கு முந்தைய 40 நாள், வீட்டில் சமைத்த நினைவே இல்லை. இரண்டாம் முறை அந்த மாதத்திலும் ஐந்தரைக்குப் பஸ் பிடித்தேன். இடையில் நான் மாற்றிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்.பி.ஏ.வின் இரண்டு வரிசைகளில் (டயர்) உங்கள் கல்லூரி எது என்று பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் டயர் 1. எங்களைப் போல அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்தவர்களுக்கு டயர் 2. 2014-ல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினர் ஆனதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். அந்த அங்கீகாரம் டயர் 1 படிப்புகளுக்கு மட்டும்தான். இதை நான் ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லி, அதற்கப்புறம்தான் ஒருங்கிணைப்பாளர் ஆனேன்.

நாங்கள் எழுதியது என்.பி.ஏ.வின் 2015 சுய மதிப்பீட்டுப் படிவம். 10 பிரிவு, மொத்தம் 1000 மதிப்பெண். அதில் லேப், டெக்னீஷியன், பராமரிப்பு, பாதுகாப்பு எல்லாம் சேர்ந்த ஆறாம் பிரிவுக்கு 80. மென்டர் (மாணவர்களின் வழிகாட்டி ஆசிரியர்), கருத்துக் கேட்பு, பிளேஸ்மென்ட் எல்லாம் வரும் ஒன்பதாம் பிரிவுக்கு 50. மதிப்பெண் குறைவு என்று இவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். அங்கேதான் நான் வழுக்கினேன்.

எங்கள் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் உலோகத்தை இழுத்தும் அழுத்தியும் வலிமை பார்க்கும் 40 டன் யுடிஎம் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு செமஸ்டரில் அதில் ஆயில் கசிந்து 11 நாள் ஓடவில்லை. லேப் டெக்னீஷியன் அண்ணன் சீல் மாற்றிச் சரி செய்துவிட்டார். மாணவர்களுக்கு அந்த நாட்களில் ஹார்ட்னஸ் டெஸ்ட் வைத்துக்கொண்டோம். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் எங்கும் எழுதவில்லை. விசிட்டில் வந்த பேராசிரியர் லாக் புக்கைப் புரட்டி, "இந்த இடைவெளி என்ன?" என்றார். நான் விழித்தேன். அண்ணன் போய் மேசை டிராயரிலிருந்து பெயின்ட் கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியை எடுத்து வந்தார். பழுதான தேதி, மாற்றிய சீலின் அளவு, வாங்கிய கடை, விலை, ஓட்டிப் பார்த்த நேரம் எல்லாம் அதில் இருந்தது. எட்டு வருடமாக எழுதியிருக்கிறார். "ஏண்ணே சொல்லல?" என்றேன். "யாரும் கேக்கலையே மேடம்" என்றார்.

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு லேபுக்கும் ஒரு பழுதுப் பதிவேடு. ஐந்து கட்டம் போதும்: பழுதான தேதி, என்ன பழுது, யார் என்ன செய்தார், எப்போது மறுபடி ஓடியது, எந்த பேட்ச்சின் எந்தப் பரிசோதனை தள்ளிப்போனது. ஐந்தாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். இயந்திரத்தின் கதை மாணவனின் படிப்போடு சேரும் இடம் அது. டெக்னீஷியன் தமிழில் எழுதட்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று சொன்னால் எழுதவே மாட்டார். வாரம் ஒருமுறை லேப் பொறுப்பாசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

மெட்ராலஜி லேபில் கேலிபரேஷன், அதாவது அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சரிபார்ப்பது, வேறு கதை. மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ் ஒவ்வொன்றிலும் அடுத்த தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எல்லாவற்றையும் வருடாவருடம் வெளியே அனுப்பப் பணம் தரமாட்டார்கள். துல்லிய அளவுக் கட்டைகள் கொண்ட ஒரு ஸ்லிப் கேஜ் பெட்டியை மட்டும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்குங்கள். அதை வைத்து மற்றவற்றை நீங்களே சரிபார்த்து அளவுகளைக் குறித்து வையுங்கள். இதை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கே ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். பாதி மைக்ரோமீட்டரில் ஜீரோ எரர் இருப்பதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

தீயணைப்பு உருளையின் ரீஃபில் தேதி, முதலுதவிப் பெட்டியில் மருந்தின் காலாவதித் தேதி. இரண்டையும் இன்றே போய்ப் பாருங்கள், அவ்வளவுதான்.

இனி சி.ஓ. அட்டெய்ன்மென்ட். ஒரு பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சி.ஓ. எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். ஒரு பாடத்துக்கு ஐந்தாறு சி.ஓ. எழுதுகிறோம். அதில் ஒவ்வொன்றையும் மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்று கணக்கிட வேண்டும். எங்கள் துறையில் 60 சதவீத மாணவர்கள் இலக்கு மதிப்பெண்ணைத் தாண்டினால் நிலை 1, 70 என்றால் 2, 80 என்றால் 3. இணைப்புக் கல்லூரிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழகத் தேர்வில் எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது, மொத்தத்துக்கு ஒரு கிரேடுதான் வரும். அதனால் எல்லா சி.ஓ.வுக்கும் ஒரே எண்ணைப் போடுகிறோம். சி.ஓ.க்களுக்குள் வித்தியாசம் தெரிவது கல்லூரியே நடத்தும் இன்டர்னலில் மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. ஆக, இன்டர்னல் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சி.ஓ. எண்ணைத் தாள் தயாரிக்கும்போதே எழுதிவிடுங்கள். அப்புறம் உட்கார்ந்து எந்தக் கேள்வி எந்த சி.ஓ. என்று மேப்பிங் செய்தால் எல்லாம் கற்பனையாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் 3 வருவது நல்லது என்று நினைக்காதீர்கள். எங்கள் முதல் கோப்பில் ஒரு பாடத்துக்கு எல்லா சி.ஓ.வும் 3. பல்கலைக்கழகத் தேர்விலோ நாற்பது பேரில் ஒரு டஜனுக்கு மேல் அர்ரியர். "இன்டர்னல் தாளைக் காட்டுங்கள்" என்றார்கள். எல்லாம் வரையறு, பட்டியலிடு வகைக் கேள்விகள். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை தெர்மோடைனமிக்ஸில் என்ட்ரோபி பற்றிய சி.ஓ. அடிவாங்கியது. 62 பேரில் 31 பேர்தான் இலக்கைத் தாண்டினார்கள், நிலை 1 கூட இல்லை. அந்த எண்ணைக் கோப்பில் மாற்றாமல் அப்படியே விட்டேன். கீழே, அடுத்த வருடம் இரண்டு மணி நேரம் டுடோரியல் கூடுதலாகக் கொடுத்தது, கணக்குத் தாள்கள், வருகைப் பதிவு, அந்த வருடத்து முடிவு 60 பேரில் 44 என்று வைத்தேன். மூன்று நாள் விசிட்டில் வந்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்த கோப்பு அதுதான். ஏழாம் பிரிவான தொடர் மேம்பாட்டுக்கு எழுதவும் அதுவே உதவியது.

மென்டர் பதிவேட்டில் இருபது மாணவர்களுக்கும் ஒரே நீலப் பேனாவில் "நன்றாகப் படிக்கிறார்" என்று எழுதாதீர்கள். ஒரே நாளில் எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். சந்தித்த அன்றே ஒரு வரி போதும். வீட்டுப் பிரச்சினை, உடல்நலம் பற்றி மாணவி சொன்னதை மட்டும் எழுதவே வேண்டாம். "பேசினோம், கவுன்சிலரைப் பார்க்கச் சொன்னேன்" என்பதோடு நிறுத்துங்கள். அந்தப் பதிவேட்டை யார் யாரோ புரட்டுவார்கள்.

கருத்துக் கேட்பில் வரும் புகார்கள் பெரும்பாலும் சின்னவை. எங்களுக்கு வந்தவை: இரண்டாம் மாடியில் தண்ணீர் வரவில்லை, கேட் (கணினி வரைபட) லேபில் ஏழு கணினி ஓடவில்லை, நூலகம் நாலரைக்கே மூடிவிடுகிறது. சரி செய்ததைத் தேதியோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். முடியாததையும் காரணத்தோடு ஒட்டினேன். நூலக நேரம் மாறவில்லை, கல்லூரிப் பேருந்து ஐந்துக்குக் கிளம்புவதால். மாணவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த முறை படிவத்தில் சும்மா டிக் போடாமல் எழுதவும் செய்தார்கள்.

பழைய கோப்பைக் காப்பியடிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: புதிய படிவத்தில் பி.ஓ.க்கள் (படிப்பை முடிக்கும்போது மாணவரிடம் இருக்க வேண்டிய திறன்கள்) மொத்தம் 12 அல்ல, 11. சி.ஓ.வை பி.ஓ.வோடு பொருத்தும் மேப்பிங் அட்டவணை முழுவதும் மாறும். முதலில் அதைத் திருத்துங்கள்.

விசிட்டுக்கு முன் மாணவர்களுக்குப் பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்களைத் தனியாக உட்காரவைத்துத்தான் பேசுவார்கள், ஒரே வாக்கியம் நாலு வாயிலிருந்து வந்தால் சிரித்துவிடுவார்கள். விசிட் முடிந்ததும் கோப்பு அலமாரியைப் பூட்டிச் சாவியை எச்.ஓ.டி. அறைக்கு அனுப்பிவிடவும் வேண்டாம். அடுத்த வாரமே இன்டர்னல் தாள்கள் வரும், அவற்றை வைக்க மேல் தட்டில் இடம் ஒதுக்கி வையுங்கள்.